அப்பிச்சி பத்தி நான் சொல்லாம விட்டது

கண்ணு,

நல்லா இருக்கியா சாமி. சாப்பிட்டியா. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா நீ கேக்கறதில்லைன்னு தெரியுது, அதனால அப்பாவோட டேப்லெட்ல உக்காந்து டைப் பண்ணறேன், மூணு நாளா எழுதிட்டு இருக்கேன், நடுவுல ஒருக்கா பூராவும் அழிஞ்சு போயி மறுபடி முதல்ல இருந்து. உனக்கு எப்ப நேரம் கிடைக்குதோ அப்ப படி. ஒரே மூச்சுல படிக்கணும்னு இல்ல. பதில் போடணும்னும் இல்ல. போட்டா சந்தோஷம்.

இங்க எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, சாயங்காலம் தடப்பள்ளி வாய்க்கால் கரை வரைக்கும் நடந்துட்டு வர்றாரு. வயல்ல குத்தகைக்காரரு இந்த தடவையும் நெல்லுதான் போட்டிருக்காரு, மஞ்சள் போடச் சொன்னேன், ஆள் கிடைக்கலைன்னுட்டாரு. பொங்கலுக்கு மாமா வீட்ல எல்லாரும் கூடினாங்க, எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க, நல்லா இருக்கான், வேலை ஜாஸ்தின்னு சொன்னேன். சித்தி பையனும் வந்திருந்தான், டிசம்பர்ல ஆபீஸ் வேலையா ஆம்ஸ்டர்டாம் வந்தவன் உன்னைப் பாக்கலாம்னு நீ படிக்கற வாகெனிங்கன் ஊரு வரைக்கும் வந்தானாமா. நீ இல்லைன்னு சொன்னான். எங்கியாவது வெளிய போயிருப்பான்னு நானே சொல்லிட்டேன்.

அங்க இப்ப எட்டரை மணிக்கு மேலதான் விடியுதுன்னு போன்ல பாத்தேன். விட்டமின் டி மாத்திரை வாங்கி போட்டுக்கோ. தயிர் சாப்பிடு, குளிருன்னு விட்டுடாத. வாரத்துக்கு ஒருக்காவாவது தலைக்கு எண்ணெய் வெச்சு குளி. ராத்திரி நேரத்தோட தூங்கு. ஒரு நாள் உன் லாஸ்ட் சீன் இங்க காலைல எட்டேகால்னு காட்டுச்சு, அப்ப உனக்கு ராத்திரி மூணே முக்கால். வேவு பாக்கறேன்னு நெனச்சுக்காத, காபி போட்டுட்டு போனை எடுத்தா கண்ணு தானா அங்க போகுது. போன வாரத்துல இருந்து அதுவும் தெரியல, மறைச்சு வெச்சுட்ட போல. சரி, உன் இஷ்டம். மாத்திரை மட்டும் போட்டுக்கோ.

போகிக்கு அட்டாலி சுத்தம் பண்ணினப்ப எங்கப்பா, உன் அப்பிச்சியோட டிரங்க் பெட்டிய கீழ இறக்கினோம். உங்கப்பா பழைய பேப்பர்காரனுக்கு போட்டுடலாம்னு சொன்னாரு, நான் விடல. உள்ள அந்த ஸ்டார் இருக்குது, பர்மா சண்டைக்குக் குடுத்த மெடல், பர்மா ஸ்டார், நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப மாறுவேஷப் போட்டிக்கு சட்டைல குத்திட்டு போனியே அதுதான், ஆறு முனையும் அப்படியே இருக்கு, ரிப்பன்தான் இத்துப் போச்சு, நடு சிவப்பு மட்டும் தெரியுது. அது கூட ஒரு நோட்டும் இருந்துச்சு. அந்த நோட்டப் பாத்ததுல இருந்து எனக்கு தூக்கம் இல்ல. அத சொல்லத்தான் உக்காந்தேன், வேற என்னென்னமோ எழுதிட்டு இருக்கேன்.

அப்பிச்சி கதை உனக்கு மனப்பாடம், நான் அத்தனை தடவை சொல்லியிருக்கேன். இன்டர்மீடியட் முடிச்ச கையோட வீட்ல ஒரு வார்த்தை சொல்லாம போயி 1942ல ஏர்ஃபோர்ஸ்ல சேந்தாரு, இருபது வயசு. பிளேன் ஓட்டறதுக்கு இல்ல, இன்ஜின் ஃபிட்டர். ஹரிக்கேன் பிளேனோட மெர்லின் இன்ஜின இருட்டுல கை தடவியே கழட்டி மாட்டுவேன்னு சொல்வாரு. 1944ல இம்பால்ல ஒண்ணாம் நம்பர் ஸ்குவாட்ரன், அர்ஜன் சிங் அப்ப அதுக்கு ஸ்குவாட்ரன் லீடர். மார்ச் கடைசில ஜப்பான்காரன் ரோட்ட மறிச்சுட்டான், ஜூன் 22ம் தேதி ரோடு திறக்கற வரைக்கும் அரிசி, பெட்ரோல், மருந்து, குண்டு எல்லாமே டகோட்டா பிளேன்ல ஆகாசத்துல இருந்துதான் வந்துச்சு. ஹரிக்கேன் இறங்கினதும் ரிக்கருங்க, பிளேனோட உடம்பப் பாக்கறவங்க, குண்டு பட்ட ஓட்டைக்கு ஒட்டுப் போடுவாங்க, இவரு இன்ஜின பாப்பாரு, மறுபடி கிளம்பிப் போகும், அதுல சிலது திரும்பி வராது. மவுண்ட்பேட்டன் இம்பாலுக்கே வந்து அர்ஜன் சிங்குக்கு டி.எஃப்.சி.ங்கற வீர மெடல் குத்தினாரு. 2002 ஜனவரில அர்ஜன் சிங்குக்கு மார்ஷல் பட்டம் குடுத்தப்ப பேப்பர்ல போட்டோ வந்துச்சு, அப்பிச்சி உன்னை மடில வெச்சுட்டு அதையே அரை மணி நேரம் காட்டிட்டு இருந்தாரு, உனக்கு அப்ப ஆறு வயசு, ஞாபகம் இருக்கா.

சண்டை முடிஞ்சு வந்து 1946ல கோயமுத்தூர் அக்ரி காலேஜ்ல சேந்தாரு. எம்.எஸ்.சுவாமிநாதன் அங்க பி.எஸ்சி. அக்ரி முடிச்சது 1947ல, அந்த காலம். அப்புறம் விவசாய டிபார்ட்மென்ட்ல டெமான்ஸ்ட்ரேட்டரா சைக்கிள்ல ஊர் ஊரா சுத்தினது, பவானிசாகர் அணை 1955ல முடிஞ்சப்புறம் அங்க ஆராய்ச்சிப் பண்ணைல இருந்தது, 1971ல காலேஜ் யுனிவர்சிட்டி ஆனது, உழவியல் புரொபசர் ஆனது, இதெல்லாம்தான் நான் உனக்கு சொல்லிச் சொல்லி வளத்த கதை.

அவரு பாடம் எடுத்தத நான் ஒரே ஒரு தடவை பாத்திருக்கேன். எனக்கு பத்து வயசு இருக்கும், முதல் வருஷப் பசங்கள கூட்டிட்டு அந்த நிரந்தர உர சோதனை வயலுக்கு போனாரு, நானும் பின்னாலயே போனேன். 1909ல வெள்ளைக்காரன் காலத்துல போட்ட பாத்திங்க, ஒரு பாத்திக்கு வருஷா வருஷம் தொழுவுரம் மட்டும், ஒண்ணுக்கு தழைச்சத்து மட்டும், ஒண்ணுக்கு எல்லாம், ஒரு பாத்திக்கு ஒண்ணுமே கிடையாது, இன்னிக்கு வரைக்கும் அப்படியே நடக்குது. அந்த ஒண்ணுமே போடாத பாத்திகிட்ட நின்னு, இதுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல, இருந்தும் இது ஏதோ ஒண்ண வெளைய வெச்சுட்டுதான் இருக்குது, இதப் பாத்து நிலத்துக்கு ஒண்ணும் வேண்டாம்னு நெனச்சுடாதீங்க, இது எவ்வளவு கம்மியா வெளையுதுன்னு எண்ணிப் பாருங்கன்னு சொன்னாரு. பசங்க எல்லாம் உக்காந்து எண்ணினாங்க. நானும் எண்ணினேன்.

பவானிசாகர்ல இருந்தப்ப பூரா தண்ணிதான் அவரு வேலை. கீழ்பவானி ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர், அத்தனைக்கும் ஒரே நேரத்துல விட தண்ணி பத்தாது, அதனால ஒத்தைமதகு ரெட்டைமதகுன்னு பிரிச்சு 1,03,500 ஏக்கருக்கு ஒரு போகம் நெல்லு, மீதி பாதிக்கு அடுத்த போகம் புஞ்சைப் பயிருன்னு முறை வெச்சாங்க. முறை வராத வருஷம் விவசாயிங்க வந்து சண்டை போடுவாங்க, அப்பிச்சி அவங்கள வரப்புல உக்கார வெச்சு, நெல்லு நீர்ப் பயிரு இல்லீங்க, தண்ணியத் தாங்கற பயிரு, கட்டின தண்ணி மறைஞ்சு ஒரு நாள் விட்டு அஞ்சு சென்டிமீட்டர் பாய்ச்சினா போதும்னு சொல்வாரு. ஒருத்தரும் நம்பல. பக்கத்து வயல்ல தண்ணி நிக்கறப்ப நம்ம வயல் காஞ்சா மனசு கேக்குமா. தண்ணிய காயவிட்டு பாய்ச்சறதுல மீத்தேன் எவ்வளவு குறையுதுன்னு நீ பாக்கறேன்னு சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா, அவரு விட்ட எடத்துல இருந்து நீ எடுத்துட்ட மாதிரி இருந்துச்சு. மாமா வீட்ல, கோயில்ல, பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்தவங்ககிட்ட கூட சொல்லியிருக்கேன். அது உனக்கு எவ்வளவு பாரம்னு நான் யோசிக்கவே இல்ல.

சரியா சாப்பிடு கண்ணு. பிரெட்டயே தின்னுட்டு இருக்காத. ஒரு வேளையாவது சோறு வடிச்சு சாப்பிடு.

வடிக்கறதுன்னா ஞாபகம் வருது. நம்ம வீட்ல வடிகஞ்சிய சாக்கடைல ஊத்தக் கூடாது, மாட்டுக்கு வெக்கணும், இல்லைன்னா உப்புப் போட்டு யாராவது குடிக்கணும். அம்மிச்சி ஒருக்கா மறந்து ஊத்திட்டு அன்னிக்கு பூரா அழுதாங்க, அப்பிச்சி ஒரு வார்த்தை திட்டல, சாப்பிடாம எந்திரிச்சு போயிட்டாரு அவ்வளவுதான். குக்கர் வந்தப்புறம்தான் வீட்ல அந்த பயமே போச்சு. ஏன்னு நீ கேட்டப்ப சிக்கனம்னு சொல்லி வெச்சேன். சிக்கனம் இல்ல.

இம்பாலுக்கு முந்தி, 1943ல, அவரு கல்கத்தா டம்டம்ல இருந்தாரு. பர்மா 1942ல ஜப்பான்காரன்கிட்ட போயிட்டதால அங்க இருந்து அரிசி வர்றது நின்னுச்சு, அந்த அக்டோபர்ல மிட்னாபூர் பக்கம் புயல், நெல்லுல இலையெல்லாம் பழுப்புப் புள்ளி விழற நோய், ஜப்பான்காரன் கைக்கு போயிடும்னு படகுங்கள அரசாங்கமே புடுங்கிட்டது, விலை ஏறிப் போச்சு, கிராமத்து ஜனங்க நடந்தே கல்கத்தா வந்தாங்க. லாரில டவுனுக்கு போறப்ப ரோட்டோரம் பூரா மனுஷங்க. ஃபேன் தாவ், ஃபேன் தாவ்னு கத்துவாங்களாமா. இவருக்கு புரியல, கூட இருந்த பெங்காலி மெக்கானிக்க கேட்டாரு. வடிகஞ்சி குடுங்கன்னு கேக்கறாங்கன்னு அவரு சொன்னாராமா. சோறு கேக்கல கண்ணு. சோறு கேட்டா யாரும் போட மாட்டாங்கன்னு தெரிஞ்சு கீழ கொட்டற தண்ணியக் கேட்டாங்க. கமிஷன் போட்டு 15 லட்சம் பேர் செத்தாங்கன்னு சொன்னாங்க, பின்னால கணக்குப் போட்டவங்க 30 லட்சம் வரைக்கும் சொல்றாங்க.

1973ல கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரரு பத்மநாபன் அந்த பழுப்புப் புள்ளி நோயப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு, 1942ல சின்சுரா, பாங்குரா பண்ணைங்கள்ல ரகம் ரகமா எவ்வளவு வெளைச்சல் போச்சுன்னு. அப்பிச்சி அத லைப்ரரில படிச்சுட்டு வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. பஞ்சத்துக்கு நோய் மட்டும் காரணமில்ல, ஜனங்க கைல வாங்கக் காசு இல்லாததுதான்னு பின்னால பொருளாதாரம் படிச்சவங்க சொன்னாங்க. நோயும் உண்டு, விலையும் உண்டு, அரசாங்கமும் உண்டு அம்மிணி, ஆனா எனக்கு கைல எடுத்து செய்யத் தெரிஞ்சது பயிரு ஒண்ணுதான்னு எங்கிட்ட சொன்னாரு.

இத எப்ப சொன்னாருன்னு சொல்றேன். அதத்தான் நான் உன்கிட்ட மறைச்சேன்.

1983ல பி.எஸ்சி. ரெண்டாவது வருஷத்துல நான் ரெண்டு பேப்பர் ஃபெயில் ஆயிட்டேன். வீட்டுக்கு வந்து மூணு நாள் படுத்த படுக்கை, யார் மூஞ்சியும் பாக்கல, சாப்பிடல. புரொபசர் பொண்ணு ஃபெயிலுன்னு காம்பஸ் பூரா பேசுவாங்கன்னு அழுகை. மூணாவது நாள் ராத்திரி எங்கப்பா வந்து கட்டில் ஓரம் உக்காந்தாரு. திட்டப் போறாருன்னு சுவர் பக்கம் திரும்பிட்டேன். கல்கத்தாவ சொன்னாரு. நாங்க மெஸ்ல மூணு வேளையும் சாப்பிட்டோம் அம்மிணி, நான் ஒரு வேளை கூட விடல, வெளிய அந்த சத்தம் கேக்கறப்பவும் சாப்பிட்டேன்னு சொன்னாரு. இம்பால்ல எங்களுக்கு ஆகாசத்துல இருந்து அரிசி வந்துச்சு, அவங்களுக்கு ரோட்டு மேல கூட வரலன்னு சொன்னாரு. அப்புறம் 1946ல காலேஜ்ல சேந்து ஆறு மாசம் கூட ஆகல, ஒரு மத்தியானம் ஹாஸ்டல் பின்பக்கம் கை கழுவப் போனாராமா, மெஸ்காரங்க பெரிய அண்டாவ சாய்ச்சு வடிகஞ்சிய காவால ஊத்திட்டு இருந்தாங்களாமா. அதப் பாத்துட்டு ரூமுக்கு போனவரு மறுநாள் கிளாசுக்கு போகல. அதுக்கு மறுநாளும் போகல. காலைல எந்திரிக்க முடியல அம்மிணி, கை கால் நல்லாத்தான் இருந்துச்சு, எந்திரிக்க மட்டும் முடியலன்னு சொன்னாரு. பெட்டிய எடுத்துட்டு ஊருக்கு வந்துட்டாரு. குண்டுக்கு நடுவுல நின்ன மனுஷன், ஒரு அண்டா கஞ்சிக்கு.

ஊர்ல பர்மா மலேரியான்னு சொல்லி வெச்சாங்க. மாசக்கணக்கா திண்ணைல படுத்தே கெடந்தாராமா. அவங்கப்பா, உன் கொள்ளுத்தாத்தா, அத்தனை நாளும் ஏன் வந்தே, எப்ப போவேன்னு ஒரு கேள்வி கேக்கலியாமா. ஒரு நாள் ராத்திரி லாந்தர எடுத்துட்டு, மடை திருப்ப ஆள் வேணும், வர்றியான்னு மட்டும் கேட்டாரு. போனாரு. அப்புறம் ராத்திரி ராத்திரி ரெண்டு பேரும் பேசாம தண்ணி கட்டுனாங்க. அடுத்த வருஷம் முதல்ல இருந்து மறுபடி காலேஜ்ல சேந்தாரு. அவரு முடிச்சது 1950ல, நான் உனக்கு எப்பவும் 1949ன்னே சொல்லி வந்திருக்கேன்.

சொல்லி முடிச்சுட்டு என் தலையத் தொட்டு, இது யாருக்கும் தெரிய வேண்டாம் அம்மிணின்னு சொன்னாரு. மறுநாள் நான் எந்திரிச்சு குளிச்சேன். செப்டம்பர்ல ரெண்டு பேப்பரும் எழுதி பாஸ் பண்ணினேன்.

நீ தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை போன் பண்ணினே. அம்மா, முடியலம்மா, காலைல எந்திரிக்கவே முடியலன்னு சொன்னே. எங்கப்பா சொன்ன அதே வார்த்தை. எனக்கு அந்த நிமிஷமே அது ஞாபகம் வந்துச்சு, வரலைன்னு பொய் சொல்ல மாட்டேன். வந்தும் நான் என்ன சொன்னேன். அப்பிச்சி குண்டு விழற எடத்துல நின்னவரு, ஒரு நாள் முடியலன்னு சொன்னதில்ல, உனக்கு ஹீட்டர் போட்ட ரூம்ல உக்காந்து படிக்க என்னடா கேடுன்னு கேட்டேன். நீ சரிம்மா, வெக்கறேன்னு சொன்னே. அதுக்கப்புறம் பிஸிம்மான்னு ரெண்டு மெசேஜ், பொங்கலுக்கு ஒரு கரும்பு படம்.

எனக்கு பயம் கண்ணு. நீ முடியலன்னு சொன்னதும் கை நடுங்கிப் போச்சு, பயத்த கோவமா பேசிட்டேன். ஆனா பயந்தேன்னு சொன்னா சரியாப் போயிடுமா. எங்கப்பா யாருக்கும் சொல்லாதன்னு சொன்னத காப்பாத்தறதா நெனச்சுட்டு அவரப் பத்தி இல்லாத ஒரு கதைய கட்டி உன் தலைல வெச்சேன். அவரு எனக்காக அந்த ராத்திரி வெக்கத்த விட்டு எடுத்துக் குடுத்தத நான் நாப்பது வருஷமா வெச்சுட்டு உனக்குக் குடுக்காம விட்டேன். அத வெச்சே உன்னை அடிச்சேன். அம்மாவ மன்னிச்சுக்கோ சாமி.

பெட்டில இருந்த நோட்டு அந்த முதல் வருஷத்துது. 1946, உழவியல், மண் வகைங்கன்னு அழகா எழுதிட்டே வந்து கரிசல்ல ஒரு வரி பாதியில நிக்குது. அதுக்கப்புறம் எட்டு பக்கம் வெள்ளை. ஒன்பதாவது பக்கத்துல இருந்து அவங்கப்பா கையெழுத்து, மாட்டுத் தீவனக் கணக்கு, மடைக்கூலி கணக்கு. அந்த எட்டு பக்கத்த நான் தடவித் தடவிப் பாத்தேன்.

சித்தி பையன் சொன்னத நான் முழுசா எழுதல. கதவத் திறந்தது வேற ஒரு பொண்ணாமா, அக்டோபர்ல இருந்து அவதான் அங்க குடியிருக்கறாளாமா. அவன் என்கிட்ட தனியாத்தான் சொன்னான், அப்பாவுக்குக் கூட தெரியாது. நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கல.

பருப்புப் பொடி அரைச்சிருக்கேன், நல்லெண்ணெய் ரெண்டு பாட்டில், நெல்லிக்காய் ஊறுகா, உனக்குப் புடிச்ச கம்பு முறுக்கு, ஒரு ஸ்வெட்டரு. ஸ்டாரையும் நோட்டையும் துணில சுத்தி நடுவுல வெச்சிருக்கேன். கொரியர் ஆபீஸ்ல அட்ரஸ் கேட்டாங்க. வாகெனிங்கன் அட்ரஸ் என்கிட்ட இருக்கு, அது இல்லைன்னா வேற அட்ரஸ் அனுப்பு, எந்த ஊரா இருந்தாலும் சரி. அனுப்ப வேண்டாம், நானே ஊருக்கு வர்றேன்னாலும் பெட்டிய பிரிச்சு வெச்சுடறேன், முறுக்கு நமுத்துப் போகாம டப்பால போட்டு வெக்கறேன். வாசல்கிட்ட இருக்கற ரூம் சுத்தமாத்தான் இருக்கு. வயலுக்கு ராத்திரி தண்ணி கட்ட இப்பவும் ஆள் இல்ல.

திங்கக்கிழமை வரைக்கும் பார்சல ஒட்டாம வெச்சிருக்கேன். அதுக்குள்ள முடியலைன்னா அடுத்த திங்கக்கிழமை.

அம்மா